மேலிருந்து பார்த்தால் எல்லாம் பந்தல்தான்!

தேனி மாவட்டத்தில் உத்தமபாளையத்தைத் தாண்டிக் கம்பம் போகும் சாலையில் அனுமந்தன்பட்டிக்கு வந்துவிட்டால், திராட்சைத் தோட்டம் எங்கே இருக்கிறது என்று யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. கல்தூண்கள், அவற்றை இணைக்கும் கம்பிகள், கம்பிமேல் படர்ந்த கொடி. குனிந்து உள்ளே நுழைந்தால் தலைக்கு மேலே கொத்துக் கொத்தாகப் பன்னீர் திராட்சை. பிஞ்சா, நிறம் ஏறிவிட்டதா, எந்தக் கொத்தில் அழுகல் கண்டிருக்கிறது என்பதெல்லாம் பந்தலுக்குக் கீழே நிற்பவருக்குத்தான் தெரியும்.

786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோளுக்குக் கொத்து தெரியாது. அதற்குத் தெரிவது மேலே இருக்கும் இலைக் கூரை மட்டும். அதையும் அது 10 மீட்டருக்கு 10 மீட்டர் சதுரங்களாகத்தான் பார்க்கிறது. ஒரு ஏக்கர் பந்தல் என்பது அதன் படத்தில் சுமார் 40 புள்ளி. இரண்டு ஏக்கர்காரருடைய மொத்த வாழ்வாதாரமும் 80 புள்ளிக்குள் அடங்கிவிடும்.

அந்தப் புள்ளிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, “இதே மாதிரி இன்னும் எங்கெல்லாம் இருக்கிறது, காட்டு” என்று கணினியிடம் கேட்கலாம். கம்பம் பள்ளத்தாக்கு முழுவதையும் அலசி, அதற்கு ஒப்பான இடங்களை அது வரைபடத்தில் நிறமேற்றிக் காட்டும். இதைத்தான் சாயல் தேடல் என்கிறோம். பயிரின் பெயரைத் தட்டச்சு செய்ய வேண்டாம், சர்வே எண் வேண்டாம். மாதிரிக்கு ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினால் போதும். ஆராய்ச்சிக்கூடங்களில் மட்டும் இருந்த இந்த வசதி இப்போது இணைய இணைப்பு உள்ள ஒரு கல்லூரி மாணவரின் கைக்கே வந்திருக்கிறது. நம் பள்ளத்தாக்கில் அது எதைக் கண்டுபிடிக்கும், எங்கே ஏமாறும் என்று பார்த்துவிடுவோம்.

டென்னிஸ் மைதானத்தில் தொடங்கிய கதை

2016-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கலைஞர் கோலன் லெவின், டேவிட் நியூபரி, கைல் மெக்டொனால்ட் ஆகியோருடன் சேர்ந்து ‘டெராபேட்டர்ன்’ என்ற தளத்தை வெளியிட்டார். பிட்ஸ்பர்க், நியூயார்க், டெட்ராய்ட் போன்ற சில நகரங்களின் வான்படங்கள் அதில் இருந்தன. ஒரு டென்னிஸ் மைதானத்தைத் தொட்டால் நகரத்திலுள்ள மற்ற மைதானங்களை வரிசையாகக் காட்டும். விளையாட்டு போலத் தோன்றினாலும் யோசனை பெரியது. வரைபடங்களில் கோயில் இருக்கும், பள்ளிக்கூடம் இருக்கும், பெட்ரோல் பங்க் இருக்கும். யாரோ முக்கியம் என்று நினைத்ததெல்லாம் இருக்கும். யாரும் பெயர் வைக்காதவை, பட்டியலில் ஏறாதவை, சிலர் மறைக்க விரும்புபவை இருக்காது. படத்தைக் காட்டிப் படத்தைத் தேடினால் அவையும் அகப்படும்.

அடுத்த ஆண்டே, 2017-ல், நியூ மெக்சிகோ மாநிலத்தின் டெஸ்கார்ட்டஸ் லேப்ஸ் நிறுவனம் இதை உலகம் முழுவதற்கும் விரித்தது. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளியே பெரிய பரப்பு என்பதால், அது பெரிய பொருள்களைப் பிடித்தது, சிறியவற்றைக் கோட்டைவிட்டது.

இதற்கு உண்மையான வேலை கிடைத்தது அமேசான் காட்டில்தான். சட்டவிரோதத் தங்கச் சுரங்கங்கள் சேறு கலந்த குட்டைகளாகத் தோன்றும். விண்ணிலிருந்து பார்த்தால் அந்தத் தோற்றம் தனியாகத் தெரியும். அதைக் கொண்டு சுரங்கங்களைக் கணினியால் கண்காணிக்கும் தளத்தை ‘எர்த் ஜீனோம்’ என்ற அமைப்பும் அதன் கூட்டாளிகளும் நடத்துகிறார்கள். 2022-ல் பிரேசில் அமேசானில் பதிவே செய்யப்படாத 1,269 விமான ஓடுதளங்களை ‘நியூயார்க் டைம்ஸ்’ செயற்கைக்கோள் படங்களின் துணையோடு அடையாளம் காட்டியது. காட்டுக்குள் போய் ஒவ்வொன்றாக எண்ணுவதென்றால் உயிரோடு திரும்புவது சந்தேகம்.

அறுபத்து நான்கு பொருத்தம்

சரி, கணினி எப்படிச் சாயலைக் கண்டுபிடிக்கிறது? முதலில் பூமியின் படத்தைத் துண்டு துண்டாக வெட்டிக்கொள்கிறார்கள். லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகிய ஒரு நியூரல் நெட்வொர்க்குக்குள் ஒவ்வொரு துண்டையும் அனுப்புகிறார்கள். அது ‘இது வயல்’, ‘இது வீடு’ என்று பெயர் சொல்வதற்கு ஒரு படி முன்னால் நிறுத்தி, அந்தத் துண்டைப் பற்றி அதற்குள் உருவாகியிருக்கும் எண்களை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே மாதிரி இடங்களுக்கு ஒரே மாதிரி எண்கள் வரும். பிறகு நடப்பது ஜாதகப் பொருத்தம் பார்ப்பதைப் போன்ற வேலைதான். நம் ஜோசியர் பத்துப் பொருத்தத்தோடு நிறுத்திக்கொள்வார், இது நிறுத்துவதில்லை.

2025 ஜூலையில் கூகுள் டீப்மைண்ட் வெளியிட்ட ‘ஆல்ஃபா எர்த்’ இதில் ஒரு பெரிய தாவல். நிலப்பரப்பின் ஒவ்வொரு 10 மீட்டர் சதுரத்துக்கும், 2017 முதல் ஆண்டுக்கு ஒன்றாக, 64 எண்கள் கொண்ட ஒரு வரிசையை அது கணித்து வைத்திருக்கிறது. ஒரு நாளில் எடுத்த ஒரு படத்தைப் பார்த்து எழுதியதல்ல அது. ஆண்டு முழுவதும் கிடைத்த ஒளிப்படங்கள், ரேடார் படங்கள், பிற அளவீடுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பிழிந்த சாறு. தேனி மாவட்டத்தின் பரப்பு 2,900 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அப்படியானால் மாவட்டத்துக்கு மட்டும் ஏறக்குறைய 2.9 கோடி சதுரங்கள். ஒவ்வொன்றுக்கும் 64 எண். இந்தக் கிடங்கு கூகுள் எர்த் எஞ்ஜினில் வணிக நோக்கமில்லாத ஆய்வுக்கு இலவசமாகவே கிடைக்கிறது. பத்துப் பதினைந்து வரி நிரல் எழுதத் தெரிந்த மாணவர் அனுமந்தன்பட்டியின் ஒரு சதுரத்தை எடுத்து மற்ற 2.9 கோடியோடும் ஒப்பிட்டுவிட முடியும்.

இதற்கு முன் இதே வேலைக்கு ஆயிரக்கணக்கான உதாரணங்களைக் கையால் குறித்துக் கொடுத்து, கணினிக்கு மாதக்கணக்கில் பாடம் எடுக்க வேண்டியிருந்தது. வங்கதேசத்தின் செங்கல் சூளைகளை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அப்படித்தான் தேடிக் கண்டுபிடித்து 2021-ல் வெளியிட்டார்கள். பள்ளிக்கு ஒரு கிலோமீட்டருக்குள் சூளை இருக்கக் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். 77 சதவீதச் சூளைகள் அந்த எல்லைக்குள்தான் இருந்தன. நம் நாட்டில் கங்கைச் சமவெளிச் சூளைகளை ஐ.ஐ.டி. காந்திநகர் ஆய்வாளர்கள் இப்படித் தேடுகிறார்கள். சாயல் தேடலில் அந்தப் பாடம் எடுக்கும் செலவு மிச்சம். ஆனால் சாயலை எடுத்துக் கொடுப்பது மட்டுமே அதன் வேலை. உண்மையா என்று சரிபார்ப்பது நம் தலையில் விழும்.

நெல்லில் ஜெயிக்கும், திராட்சையில் திணறும்

பள்ளத்தாக்கின் நெல்லை இந்தத் தேடல் அநேகமாகத் தவறவிடாது. காரணம், முல்லைப் பெரியாறு. 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையிலிருந்து சுரங்கம் வழியே வரும் தண்ணீர்தான் இங்கே இருபோக நெல்லுக்கு உயிர். உத்தமபாளையம் வட்டத்தில் 11,807 ஏக்கர், தேனி வட்டத்தில் 2,412, போடி வட்டத்தில் 488. ஆகமொத்தம் 14,707 ஏக்கர். அணையில் நீர்மட்டம் ஒத்துழைத்தால் ஜூன் முதல் தேதி முதல்போகத்துக்குத் திறப்பார்கள். உத்தமுத்து வாய்க்காலிலும் பாளையம்பரவிலும் தண்ணீர் ஓடத் தொடங்கியதும் ஆயக்கட்டு முழுக்க ஏறக்குறைய ஒரே காலத்தில் நாற்று விடுவார்கள், தொளி அடிப்பார்கள், நடுவார்கள். தண்ணீர் தேங்கிய வயல் ரேடார் படத்தில் கறுப்பாகத் தெரியும். பிறகு பயிர் தூர்கட்டும்போது அந்தக் கறுப்பு படிப்படியாக வெளிறும். மேகம் மூடியிருந்தாலும் ரேடாருக்குக் கவலையில்லை. ஆயிரக்கணக்கான ஏக்கர் ஒரே தாளத்தில் நிறம் மாறும்போது, ஒன்றைக் காட்டினால் மற்றதைக் கண்டுபிடிப்பது கணினிக்குக் கடினமே இல்லை.

இது வெறும் ஊகமல்ல. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் உள்ளிட்டோருடன் சேர்ந்து ‘ரைஸ்’ என்ற திட்டத்தில் ரேடார் படங்களைக் கொண்டு நெல் பரப்பையும் விளைச்சலையும் கணித்தது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது, சம்பா பயிர்க் காப்பீட்டு இழப்பீட்டுக்கு இந்தக் கணிப்பும் கைகொடுத்தது. பயிர் அறுவடைப் பரிசோதனைக்காக அதிகாரி வந்து வயலில் நிற்கும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வழி அன்று பிறந்தது. தமிழ்நாட்டு விவசாயத்தில் செயற்கைக்கோள் விவசாயியின் பக்கம் நின்ற நல்ல உதாரணம் இது என்பேன்.

திராட்சைக்கு வருவோம். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் இந்தப் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் தனிப்பெருமையாகச் சொல்லப்படுவது, ஆண்டு முழுவதும் இங்கே பழம் கிடைக்கும் என்பது. மற்ற மாநிலங்களில் சீசன் முடிந்தால் முடிந்ததுதான். இங்கே ஒரு தோட்டத்தில் இன்று கவாத்து வெட்டினால் சுமார் நாலு மாதத்தில் அறுவடை. பக்கத்துத் தோட்டக்காரர் போன மாதமே வெட்டியிருப்பார். அதற்கடுத்தவர் சந்தை விலையைப் பார்த்து இன்னும் இரண்டு வாரம் தள்ளிப்போடுவார்.

விவசாயிக்கு லாபமான இந்த ஏற்பாடுதான் கணினிக்குத் தலைவலி. கவாத்து முடிந்த பந்தல் மேலிருந்து பார்த்தால் மண் நிறம். கம்பியும் குச்சியும் 10 மீட்டர் சதுரத்தில் கரைந்துவிடும். ஒன்றரை மாதம் கழித்து அதே பந்தல் அடர்பச்சை. ஒரே வரப்பின் இரு பக்கமும் ஒரே திராட்சை, ஒரே வயதுக் கொடி. ஆனால் ஒருநாள் படத்தில் ஒன்று தரிசு, இன்னொன்று தோப்பு. ஒருநாள் படத்தை வைத்துத் தேடினால், கவாத்து வெட்டாத பந்தலைக் காட்டியவருக்குக் கவாத்து வெட்டிய பந்தல் கிடைக்காது. ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்க்கும் 64 எண் முறையில் இந்தக் குறை ஓரளவு தீரும். ஆனாலும் ஒவ்வொரு தோட்டமும் தன் தன் நாள்காட்டியில் ஓடும்போது, நெல்லில் கிடைக்கும் அந்த ஒரே தாளம் இங்கே கிடைக்காது.

இன்னொரு சிக்கல் பந்தலே. புடலைக்கும் பாகலுக்கும் பந்தல்தான். தோட்டக்கலைத் துறை மானியம் கொடுத்து வளர்க்கும் பந்தல் காய்கறி மேலிருந்து பார்த்தால் அதே தட்டையான பச்சைக் கூரை. சின்னமனூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வேறு. அகத்தி நிழலில் ஏறிய கொடி, அடுத்தடுத்த பாத்தி. கொடிக்காலைப் பந்தலிலிருந்து பிரித்துவிடலாம் என்று நம்பலாம். பாகலைத் திராட்சையிலிருந்து பிரிப்பது, அதுவும் அரை ஏக்கர், கால் ஏக்கர் துண்டுகளில் பிரிப்பது, குருட்டாம்போக்கில் முடிகிற வேலை இல்லை.

மலைக்கு மேலே போனால் இன்னும் வேடிக்கை. விடியற்காலையில் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஜீப்பில் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், ஏலச்செடி எங்கே இருக்கிறதென்று. பெரிய மரங்களின் நிழலுக்கு அடியில். செயற்கைக்கோள் பார்ப்பது மரத்தின் உச்சியை. ஏலத்தோட்டமும் காடும் அதற்குக் கிட்டத்தட்ட ஒரு சாயல். மேகமலைத் தேயிலையைப் பிரித்துவிடும், ஏலத்தில் தடுக்கிவிழும்.

தென்னை: பழைய கதை, புதிய நோய்

இந்தியாவில் தொலையுணர்வு என்று நாம் சொல்லும் துறையே தென்னந்தோப்பில்தான் பிறந்தது. 1970-ல், இந்தியத் தொலையுணர்வின் தந்தை எனப்படும் பி.ஆர். பிஷரோட்டி தலைமையில், ஹெலிகாப்டரில் ஹாசல்பிளாட் கேமராக்களை ஏற்றிக் கேரளத் தென்னந்தோப்புகளை அகச்சிவப்புப் படம் எடுத்தார்கள். வேர் வாடல் நோய் தாக்கிய மரத்தைக் கண்டுபிடிப்பது நோக்கம். ஆரோக்கியமான இலை, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை நிறையத் திருப்பி அனுப்பும்; நோயுற்ற இலை குறைவாக. அந்த ஹெலிகாப்டரிலிருந்து 1988 மார்ச் 17-ல் ஏவிய ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக்கோள் வரை வந்து, அங்கிருந்து இன்றைய கார்ட்டோசாட்களை எட்டியிருக்கிறோம்.

அந்த நோய் கேரளத்தோடு நிற்கவில்லை. எல்லையைத் தாண்டிக் கம்பம் பள்ளத்தாக்குத் தோப்புகளிலும் ஏறிவிட்டது. இங்கே கேரள வாடல் என்றே சொல்கிறார்கள். ஓலை தளர்ந்து, விலா எலும்பு மாதிரி வளைந்து, மஞ்சளடிக்கும். மரம் உடனே சாகாது. காய்ப்புதான் வருஷா வருஷம் இறங்கும். பூச்சி மூலம் பரவும் நுண்ணுயிர் என்பதால், நோயுற்ற மரத்தைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் பாதி வைத்தியம்.

அப்படியானால் ஒரு வாடல் மரத்தைக் காட்டி, ‘இதே சாயலில் மற்றதைக் காட்டு’ என்று கேட்டுவிடலாமே? இலவசப் படத்தில் முடியாது. 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம் என்று வைத்தால், ஒரு மரத்துக்கு 58 சதுர மீட்டர் கிடைக்கும். சென்டினலின் ஒரு புள்ளி 100 சதுர மீட்டர். அதற்குள் ஏறக்குறைய இரண்டு மரம், நடுவே ஊடுபயிர், அதோடு நிழல். ஒன்று வாடியது, இன்னொன்று நல்லது என்றால் புள்ளி சொல்வது இரண்டுக்கும் நடுவில் ஒரு பொய். மரம் மரமாகப் பார்க்க ஒரு மீட்டருக்கும் கீழான துல்லியம் வேண்டும். 2019 நவம்பரில் ஏவிய நம்முடைய கார்ட்டோசாட்-3-க்கு 0.25 மீட்டர் துல்லியம் இருக்கிறது. ஆனால் 2023 இந்திய விண்வெளிக் கொள்கைப்படி, 5 மீட்டரும் அதற்கு மங்கலானதுமான படங்களே எல்லாருக்கும் இலவசம். அதைவிடக் கூர்மையானது அரசுத் துறைகளுக்கு இலவசம், மற்றவர்களுக்கு விலைக்கு. தோப்புக்காரர் அந்த விலைப்பட்டியலைப் பார்க்கப்போவதில்லை. தோட்டக்கலைத் துறை கேட்டால் சும்மா கிடைக்கும். கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

யார் கையில் இருக்கிறது என்பது

சாயல் தேடலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கடத்தலைப் பிடித்தது, சுரங்கத்தைப் பிடித்தது என்றே எழுதுகிறார்கள். நம் ஊர் விவசாயிக்கு அதன் முதல் விளைவு வேறு வழியாக வரும். பெங்களூருவின் சாட்ஷூர் போன்ற நிறுவனங்கள் ஏற்கெனவே செயற்கைக்கோள் தகவலைக் கொண்டு வங்கிகளுக்கு விவசாயக் கடன் மதிப்பீடு செய்து தருகின்றன. ஒரு பெரிய வியாபாரி நினைத்தால், இந்த மாதம் பள்ளத்தாக்கில் எத்தனை ஏக்கர் பந்தல் கவாத்து வெட்டப்பட்டிருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே மதிப்பிட்டு, நாலு மாதம் கழித்து வரத்து எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே ஊகிக்கலாம். அதே ஊகம் விவசாயியிடமும் இருந்தால், பலர் ஒரே வாரத்தில் கவாத்து வெட்டி ஒரே வாரத்தில் பழத்தைக் கொண்டுபோய் விலையை வீழ்த்தும் கூத்து குறையும். கருவி ஒன்றுதான்; முதலில் யாருக்குக் கிடைக்கிறது என்பதில்தான் விலை பேசும் பலம் இருக்கிறது.

இன்னொரு பயமும் உண்டு. சாயலை வைத்து மானியத்தை நிறுத்துவது, காப்பீட்டை மறுப்பது. கவாத்து வெட்டிய பந்தலைக் கணினி தரிசு என்று சொல்லி, அந்த அறிக்கையே கடைசித் தீர்ப்பானால், 80 புள்ளிக்காரர் எங்கே போய் முறையிடுவார்? தேடல் தரும் விடையைச் சந்தேகப் பட்டியலாக எடுத்துக்கொள்ள வேண்டும். நேரில் போய்ப் பார்க்காமல் யார் மீதும் அதைப் பயன்படுத்தக் கூடாது. இதில் சமரசத்துக்கு இடமில்லை.

நேரில் பார்ப்பது என்றால் யார் பார்ப்பது என்ற கேள்வி வரும். ஊரில் எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர் என்று அடங்கலில் எழுதுவது கிராம நிர்வாக அலுவலரின் வேலை. 2024 நவம்பரில் மின்னணுப் பயிர் கணக்கெடுப்புக்கு வேளாண் கல்லூரி மாணவர்களை வயலில் இறக்கியது தமிழ்நாடு அரசு. படிப்பைக் கெடுத்து மாணவர்களை வரப்பில் நடக்கவைக்கிறார்கள் என்று எதிர்ப்பு எழுந்தது. எதிர்ப்பு நியாயம்தான். ஆனால் சாயல் தேடலின் கண்ணில் அந்த மாணவர்கள் சேகரித்தது தங்கம். இந்த இடத்தில் திராட்சை, இந்த இடத்தில் பாகல், இந்த இடத்தில் தென்னை என்று கண்ணால் பார்த்து, இடக்குறிப்போடு பதிந்த விவரம் செயற்கைக்கோளிடம் கிடையாது. அதைப் பக்கத்தில் வைத்தால்தான் கணினி காட்டும் சாயலில் எது மெய், எது மயக்கம் என்று அளக்க முடியும்.

எனவே, நாம் கேட்க வேண்டியது ஒரு புதிய செயலியை அல்ல. வேளாண்மைத் துறை அந்தக் கணக்கெடுப்பின் பயிர் விவரங்களை, விவசாயி பெயரையும் பட்டா எண்ணையும் நீக்கிவிட்டுப் பொதுவில் வெளியிட வேண்டும். ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பள்ளத்தாக்கின் பந்தல்களைக் கவாத்துத் தேதியோடு குறித்து வைக்க அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. தோட்டக்கலைத் துறை கார்ட்டோசாட் படங்களைக் கேட்டு வாங்கி வாடல் தென்னைகளைத் தேடத் தொடங்க வேண்டும். தேனி, உத்தமபாளையம் பகுதிக் கல்லூரிகளின் கணினித் துறை ஆசிரியர்கள் இந்த ஆண்டுப் புராஜெக்டுக்கு வேறு தலைப்பு தேட வேண்டாம். 64 எண் கிடங்கு இலவசமாகக் கிடக்கிறது, பந்தல் வாசலிலேயே நிற்கிறது. மாணவர்கள் செய்து பார்த்துத் தப்பாக வந்தால், எந்தத் தோட்டத்தில் தப்பாக வந்தது என்பதையும் சேர்த்து வெளியிடுங்கள்.